எஃப்.சி.க்கு முன் பழைய பைக்: எந்த அறிகுறி, எங்கே கோளாறு

தமிழ்நாட்டில் சொந்த உபயோக பைக்கின் ஆர்.சி. 15 வருடம் செல்லும். அதற்குப் பிறகு வண்டியை பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) முன்னால் நிறுத்தி, ரோட்டில் ஓடத் தகுதியானதுதான் என்று காட்டினால் இன்னும் 5 வருடம் கிடைக்கும். காகிதத்தில் அதற்குப் பெயர் பதிவைப் புதுப்பித்தல். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ‘வண்டிக்கு எஃப்.சி. காட்டணும்’ என்பார்கள், எஃப்.சி. என்றால் தகுதிச் சான்று.

வீட்டு வண்டி, சொந்தக்காரர் வண்டி, தெருக்காரர் வண்டி என்று இதுவரை ஏழு பைக்குகளை நான் எஃப்.சி.க்குத் தயார் செய்திருக்கிறேன். ஏழும் கைமாறி வந்தவை. நான்கு முதல் தடவையே தேறின. மூன்று திரும்பி வந்தன. ஒன்றில் சேஸ் நம்பர் தெளிவாக இல்லை, ஒன்றில் பின் பிரேக் சரியில்லை, ஒன்றில் ஹேண்டில் நடுவில் மாட்டியது. இன்ஜின் சரியில்லை என்று ஒன்றுகூடத் திரும்பவில்லை. ஆனால் அந்த மூன்று வண்டிக்காரர்களுமே முன்கூட்டி அதிகம் செலவு செய்திருந்தது இன்ஜினுக்கும் பெயின்டுக்கும்தான். இன்ஜினைப் போரிங் செய்து, டேங்குக்குப் புது ஸ்டிக்கர் ஒட்டி, 40 ரூபாய் பல்பை மாற்றாமல் வந்து நிற்பவர்களைப் பரிசோதனை மைதானத்தில் எந்த நாளும் பார்க்கலாம்.

அதனால் இந்த வரிசை, பரிசோதனையில் வண்டியைப் பார்க்கிற வரிசை. முதலில் இது இந்த ஆர்.சி.யில் இருக்கிற வண்டிதானா, பிறகு நிற்கிறதா, பிறகு நேராகப் போகிறதா, கடைசியில் மற்றவை.

விண்ணப்பமே நகரவில்லை

கோளாறு வண்டியில் இல்லை, பதிவில் இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்களுக்கு இது நிறைய வரும். ஆர்.சி. இன்னும் பழைய ஓனர் பெயரில் இருக்கலாம். விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். ஊரில் பாதிப் பேர் கையெழுத்துப் போட்ட ஃபாரத்தை வருடக்கணக்காக டேங்க் கவரில் வைத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். விண்ணப்பத்துக்கான ஓ.டி.பி. பழைய ஓனரின் போனுக்குப் போகும், அவர் எந்த ஊரில் இருக்கிறாரோ தெரியாது.

இன்னொன்று, ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் நிற்பது. 2010-ல் தவணையில் எடுத்து 2012-ல் கட்டி முடித்த வண்டியிலும் அந்த எச்.பி. (தவணைக் கடன் குறிப்பு) அப்படியே இருக்கும். அதை நீக்க ஃபைனான்ஸ் கம்பெனியின் கையெழுத்தோடு 35-ஆம் எண் படிவம் வேண்டும். கம்பெனி கடையை மூடிவிட்டுப் போயிருந்தால் அலைச்சல் அதிகம். ஆகவே பைக் வாங்கும்போதே மத்திய அரசின் எம்பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டு ஓனர், எச்.பி., இன்சூரன்ஸ், தகுதி முடியும் தேதி நான்கையும் பார்த்துவிடுங்கள். தேதி முடிய ஆறு மாதம்தான் இருக்கிறது என்றால் விலையைக் குறைத்துக் கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது.

புதுப்பிக்கும் விண்ணப்பத்தை முடியும் தேதிக்கு 60 நாள் முன்னாலிருந்துதான் போட முடியும். பழுதுவேலையை அதற்கும் ஒரு மாதம் முன்னால் தொடங்குவது நல்லது.

பென்சில் பிரிண்ட்டில் நம்பர் விழவில்லை

சேஸ் நம்பர் பெரும்பாலும் ஹேண்டிலுக்குக் கீழே, ஃபிரேமின் கழுத்துப் பக்கம் குத்தப்பட்டிருக்கும். அதன் மேல் பென்சிலால் தேய்த்து, செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டி, எடுத்து, படிவத்தில் ஒட்டுவார்கள். எழுத்து தெளிவாக விழாவிட்டால் முக்கால்வாசி காரணம் பெயின்ட். ஃபிரேமுக்குப் புதுப் பெயின்ட் அடித்தவர்கள் நம்பர் மேலும் இரண்டு கோட் அடித்துவிடுவார்கள். குழி நிரம்பிப் போகும்.

உப்புத்தாள் எடுத்துத் தேய்க்காதீர்கள். அதைத்தான் நான் முதன்முதலில் ஒருவர் செய்யப் பார்த்தேன். பெயின்ட்டோடு எழுத்தின் விளிம்பும் போய்விட்டது. தேய்த்த தடம் இருக்கிற நம்பரை இன்ஸ்பெக்டர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார், அப்படிப் பார்ப்பது அவர் வேலை. தின்னரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் மேலே வைத்துவிட்டுப் பழைய டூத் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்தால் பெயின்ட் இளகி வரும். துருவாக இருந்தால் மண்ணெண்ணெய். சுத்தமானதும் கொஞ்சம் கிரீஸ் தடவி வையுங்கள், பரிசோதனை அன்று காலையில் துடைத்துவிடலாம்.

இன்ஜின் நம்பரையும் அதேபோல் பாருங்கள். அங்கே வேறு ஒரு ஆபத்து உண்டு: முன்பு இருந்தவர் இன்ஜினையே மாற்றியிருக்கலாம். நம்பர் ஆர்.சி.யோடு ஒரு எழுத்து ஒத்துவராவிட்டாலும், முறைப்படி பதிவு செய்து சேர்க்காமல் தேறாது. வண்டியின் கலரும் ஆர்.சி.யில் எழுதியிருக்கிறது. கறுப்பு வண்டியைச் சிவப்பாக்கி வாங்கிக்கொண்டவர் அதையும் நினைவில் வைக்க வேண்டும்.

நம்பர் பிளேட்டில் பின்னால் எழுத்து 35 மி.மீ., எண் 40 மி.மீ. உயரம் என்று மத்திய மோட்டார் வாகன விதி 51 சொல்கிறது. சாய்ந்த எழுத்து, சாமி படம், கட்சிக் கொடி, சாதிப் பெயர் எதுவும் கூடாது. ஒரு பிளேட்டு எழுத அரை மணி நேரம், முன்பே எழுதிவிடலாம்.

பிரேக் லீவர் ஹேண்டில் வரை போகிறது, அல்லது மிதி கடைசி வரை இறங்குகிறது

இதுதான் முக்கியமான இடம். 2010 வாக்கில் வந்த 100 சி.சி. வண்டிகளில் பெரும்பாலும் இரண்டு சக்கரத்திலும் ட்ரம் பிரேக்தான். பிரேக் நட்டை இரண்டு சுற்று இறுக்கினால் லீவர் மேலே வந்துவிடும், பிரேக்கும் பிடிப்பதுபோல் இருக்கும். ஆனால் ட்ரம்முக்குள் அழுத்திப் பிடிக்கிற ஷூ தேய்ந்திருக்கிறதா என்பதை நட்டு சொல்லாது.

ட்ரம்மை மூடியிருக்கும் தட்டில், பிரேக் வயரோ ராடோ பிடித்திழுக்கிற சின்ன இரும்புக் கையைப் பாருங்கள். அதன் அடியில் ஒரு அம்புக்குறி, தட்டில் ஒரு கோடு. ஒருவர் பிரேக்கை முழுசாக அழுத்திப் பிடிக்க, அம்பு கோட்டைத் தொட்டால் ஷூ முடிந்தது. மாற்றியே ஆக வேண்டும்.

இங்கே ஒரு ஏமாற்று வேலை நடக்கும். அந்தக் கை ஒரு பல் வைத்த தண்டில் மாட்டியிருக்கிறது. அதைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டினால், தேய்ந்த ஷூவே இன்னும் பல மாதம் பிடிக்கும். விற்கிறவரும் செய்வார், அவசரத்தில் மெக்கானிக்கும் செய்வார். இது ஆபத்து. ஷூ முழுக்கத் தேய்ந்த பின்னும் உள்ளே ஷூவை விரிக்கிற கேம் அளவுக்கு மீறித் திரும்பும். ஒருநாள் பலமாக அழுத்தினால் திரும்பின கேம் மீளாமல் சக்கரம் பூட்டிக்கொள்ளும். முன் சக்கரத்தில் அது நடந்தால் ஓட்டுகிறவர் தலைகுப்புற விழுவார். கண்டுபிடிப்பது சுலபம்: பிரேக்கைப் பிடித்த நிலையில் வயருக்கும் அந்தக் கைக்கும் நடுவே உள்ள கோணத்தைப் பாருங்கள். கிட்டத்தட்ட செங்கோணமாக இருந்தால் சரி. அதைத் தாண்டி முன்னால் சாய்ந்து கிடந்தால் ட்ரம்மைத் திறக்கச் சொல்லுங்கள். வண்டி வாங்கப் போகும்போதும் முதலில் இதைப் பாருங்கள்.

ஷூ புதிதாக இருந்தும் பிடிக்கவில்லையா? ட்ரம்முக்குள் கிரீஸோ ஆயிலோ இறங்கியிருக்கும், அல்லது ஷூ கண்ணாடி மாதிரி பளபளத்திருக்கும். ஆயில் குடித்த ஷூவைப் பெட்ரோலில் கழுவிப் பயனில்லை, மாற்றுங்கள். பிரேக் பிடிக்கும்போது தட்டித் தட்டி நின்றால் ட்ரம் வட்டம் போயிருக்கிறது என்று பொருள். லேத்தில் கொடுத்தால் கடைந்து தருவார்கள், அதற்கும் அளவு உண்டு. எவ்வளவு வரை கடையலாம் என்பது ட்ரம்மின் உள்ளேயே எழுதியிருக்கும்.

பின் பிரேக்கை விட்ட பிறகும் சக்கரம் இறுக்கமாகச் சுற்றுகிறது என்றால் மிதியின் தண்டு துருப்பிடித்துச் சிக்கியிருக்கும். எனக்குத் திரும்பி வந்த வண்டியின் கோளாறு இதுதான். புது ஷூ போட்டு அனுப்பினேன், மிதி திரும்பி வரவே இல்லை. மிதியைக் கழற்றி, தண்டை மண்ணெண்ணெயில் துடைத்து கிரீஸ் வைத்ததும் தீர்ந்தது. செலவு ஒன்றுமில்லை, ஒரு நாள் லீவு போனதுதான்.

ஹேண்டில் நடுவில் மாட்டுகிறது, மெதுவாகப் போனால் வண்டி ஆடுகிறது

என் சித்தப்பா மகன் வாங்கிய வண்டி இது. ‘அண்ணே, டிராஃபிக்குல மெதுவா போனா குடிகாரன் மாதிரி வண்டி அலையுது’ என்றான். நான் டயர் காற்று என்று நினைத்தேன், அவன் டயரையே மாற்றிவிட்டான். எஃப்.சி.யில் இன்ஸ்பெக்டர் வண்டியில் ஏறி உட்கார்ந்து ஹேண்டிலை இடம் வலமாக ஒரு முறைதான் திருப்பினார். ‘கோன் செட்டு போயிருக்கு, மாத்திட்டு வாங்க’ என்று இறங்கிவிட்டார்.

மெக்கானிக் பாய் கடையில் அதை எனக்குக் காட்டினார்கள். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, இன்ஜினுக்கு அடியில் மரக்கட்டை வைத்து, முன் சக்கரம் தரையைத் தொடாமல் தூக்கி நிறுத்தினார் பாய். ‘தம்பி, ஹேண்டில இறுக்கிப் பிடிக்காத. ரெண்டு விரலால தள்ளு.’ தள்ளினேன். இடது கடைசியிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்த ஹேண்டில் நேர் நிலைக்கு வந்ததும் ஒரு பள்ளத்தில் இறங்கியதுபோல் ‘டக்’கென்று நின்றது. இன்னும் கொஞ்சம் தள்ளினால் ஏறி அந்தப் பக்கம் போனது. கழற்றிப் பார்த்தபோது, கழுத்துக்குள் குண்டுகள் உருளும் கிண்ணத்தின் வட்டத்தில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள், ஒவ்வொரு குண்டுக்கும் ஒன்று. பல வருடம் நம் ரோட்டுப் பள்ளத்தில் விழுந்த அடியெல்லாம், ஹேண்டில் நேராக இருக்கிற அந்த ஒரே இடத்தில் வாங்கிக்கொண்ட தழும்பு. வண்டி நேராகப் போகும்போது அந்தக் குழியில் உட்கார்ந்துகொள்ளும். நாம் இம்மி திருத்தப் பார்த்தால் திரும்பாது, கூடத் தள்ளினால் குதித்துப் போகும். அதுதான் அலைச்சல்.

இந்தக் குழி விழுந்தால் இறுக்கியும் பயனில்லை, கிரீஸ் வைத்தும் பயனில்லை. மேல் கிண்ணம், கீழ்க் கிண்ணம், குண்டுகள் எல்லாம் சேர்ந்த கோன் செட்டை முழுசாக மாற்றுங்கள். குண்டை மட்டும் மாற்றினால் பழைய குழியில்தான் புதுக் குண்டு உட்காரும்.

குழி இல்லாமல், முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் அசைக்கும்போது கழுத்தில் ‘லொடக்’ என்று கேட்டால், அது வெறும் தளர்வு. இறுக்கினால் போதும். ரொம்பவும் இறுக்கிவிடாதீர்கள், ஹேண்டில் தன் எடையிலேயே இரண்டு பக்கமும் விழ வேண்டும்.

சக்கரம் தூக்கியே இருக்கும்போது மற்றதையும் பார்த்துவிடலாம். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து உலுக்குங்கள், ஆடினால் பேரிங். பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளுங்கள், அதைத் தாங்கும் ஸ்விங் ஆர்மோடு சேர்ந்து ஆடினால் ஸ்விங் ஆர்மின் புஷ். ஸ்போக் சக்கரம் என்றால் ஸ்பேனரால் ஒவ்வொரு கம்பியாகத் தட்டிக்கொண்டே சுற்றுங்கள். இறுக்கமான கம்பி ‘டிங்’ என்னும், தளர்ந்தது ‘டொக்’ என்னும். காது உடனே பிரித்துச் சொல்லிவிடும்.

முன் ஃபோர்க்கில் ஈரம்

ஃபோர்க் குழாயில் விரல் வைத்துப் பாருங்கள். ஆயில் வளையம் இருந்தால் சீல் போயிருக்கிறது. ஆனால் சீலை மட்டும் மாற்றினால் மூன்று மாதத்தில் மறுபடி ஒழுகலாம். குழாயில் துருப்புள்ளி இருக்கிறதா என்று நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் தடுக்குகிற இடம்தான் சீலைக் கிழிக்கிறது. ஒழுகும் ஆயில் கீழே இறங்கி முன் பிரேக்குக்குள் போவதும் உண்டு, அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

விளக்கு மங்கல், பல்பு அடிக்கடி போகிறது, பிரேக் லைட் சொன்னபடி கேட்கவில்லை

அந்தக் காலத்து 100 சி.சி. வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட் நேராக, இன்ஜின் ஓடும்போது கரண்ட் தருகிற மேக்னெட்டிலிருந்து எரியும். ஹார்ன், இண்டிகேட்டர், பிரேக் லைட் பேட்டரியிலிருந்து. இது தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். ஐட்லிங்கில் ஹெட்லைட் மங்கி, ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் பிரகாசமானால் அது இயல்பு, பேட்டரியை மாற்றி ஒன்றும் ஆகாது. இன்ஜினை நிறுத்திவிட்டு சாவியைப் போட்டு ஹார்ன் அடியுங்கள். சத்தம் நசுங்கி வந்து, இண்டிகேட்டரும் திணறினால் பேட்டரி. வேகமாகப் போகும்போது பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாக ஃபியூஸ் ஆனால் ரெகுலேட்டர். பல்பு மாற்றிக்கொண்டே இருக்காமல் அதை மாற்றுங்கள்.

பிரேக் லைட்டுக்கு இரண்டு சுவிட்ச்: ஒன்று கை லீவரில், ஒன்று கால் மிதியில் ஸ்பிரிங்கோடு. தனித்தனியாகச் சோதியுங்கள். எந்நேரமும் எரிந்துகொண்டிருந்தால் மிதி சுவிட்சின் நட்டைத் தளர்த்துங்கள். பின் பிரேக்கை இறுக்கிய பிறகு இது தானாக வரும் கோளாறு. ஒரு பக்க இண்டிகேட்டர் மட்டும் வேறு வேகத்தில் அடித்தால் அந்தப் பக்கத்து ஒரு பல்பு எரியவில்லை, அல்லது எர்த் சரியில்லை. ஹெட்லைட்டில் ஹை பீம் மட்டும் எரிந்து லோ பீம் போயிருப்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. இரவில் எதிரே வருகிறவருக்குக் கண் கூசுவதும் அதனால்தான்.

புகைச் சான்றில் அளவு கூடுகிறது

2000 ஏப்ரல் முதல் செய்த, பி.எஸ்.4 (பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகை வரம்பு) வருவதற்கு முந்தைய நான்கு ஸ்ட்ரோக் வண்டிக்குக் கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 4,500 பி.பி.எம். என்பது எல்லை. இந்த வயது வண்டிகளுக்குச் சான்று ஆறு மாதம் செல்லும். பி.எஸ்.4 முதல் வந்தவற்றுக்கு ஒரு வருடம், எல்லையும் கடுமையானது.

குளிர்ந்த இன்ஜினைக் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டிச் சூடாக்கிக்கொண்டு போங்கள். அதற்கும் தேறாவிட்டால் எந்த எண் கூடியது என்று பாருங்கள். மோனாக்சைடு கூடினால் பெட்ரோல் அதிகம் போகிறது: அடைத்த ஏர் ஃபில்டர், முழுசாகத் திறக்காத சோக், கார்புரேட்டரில் தேய்ந்த ஊசி. பிளக்கைக் கழற்றினால் கரி பூசியதுபோல் காய்ந்த கறுப்பாக இருக்கும். ஹைட்ரோகார்பன் கூடினால் பெட்ரோல் எரியாமலே வெளியேறுகிறது: பிளக், டேப்பெட் (வால்வ் இடைவெளி), இல்லாவிட்டால் ஆயில் எரிதல். பிளக் ஈரமாகப் பிசுபிசுக்கும்.

நீலப்புகை காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் வந்து நின்றுவிட்டால் வால்வ் சீல். ஓட்டும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் போரும். குளிர்காலக் காலையில் வெள்ளையாக வந்து மறைவது வெறும் நீராவி, அதற்காக இன்ஜினைப் பிரிக்க விடாதீர்கள்.

டயர் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது

இருசக்கர வாகன டயரில் பள்ளம் 0.8 மி.மீ.க்குக் குறையக் கூடாது. டயரின் ஓரத்தில் டி.டபிள்யூ.ஐ. என்றோ சின்ன முக்கோணமாகவோ அடையாளம் இருக்கும். அதற்கு நேரே பள்ளத்துக்குள் ஒரு மேடு தெரியும். டயர் அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் முடிந்தது. பள்ளம் நன்றாக இருந்தும் வயதான டயர் உண்டு. ஓரத்தில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள், 1214 என்றால் 2014-ஆம் ஆண்டின் 12-ஆவது வாரம் செய்தது. பக்கவாட்டில் வெடிப்பு இருந்தால், பள்ளம் எவ்வளவு இருந்தாலும் மாற்றுங்கள்.

செயினைப் பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்புறத்தில் பிடித்து இழுங்கள். பல் பாதி தெரிகிற அளவு வெளியே வந்தால் செயின், இரண்டு ஸ்ப்ராக்கெட் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

இன்னும் சில கழற்றிப் போட்ட சாமான்கள். கண்ணாடி, சாரி கார்டு, பின்னால் உட்காருகிறவர் பிடிக்கக் கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், பின் ரிஃப்ளெக்டர். அழகுக்காகக் கழற்றியிருந்தால் திரும்ப மாட்டுங்கள். இவை விதியிலேயே உள்ளவை, அம்மாவையோ அக்காவையோ பின்னால் உட்காரவைத்து ஓட்டுகிறவருக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பல குரல் ஹார்னையும் சத்தம் போடும் சைலன்சரையும் எடுத்துவிட்டுக் கம்பெனி சாமானைப் போடுங்கள்.

திருப்பி அனுப்பிவிட்டார்கள்

எந்தக் குறை என்று அங்கேயே தெளிவாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ‘பிரேக் சரியில்லையாம்’ என்று மெக்கானிக்கிடம் போய்ச் சொன்னால் அவர் நட்டை இறுக்கி அனுப்புவார். ‘பின் பிரேக், மிதி திரும்பி வரவில்லை’ என்று சொன்னால் மிதியைக் கழற்றுவார். சொன்ன குறையை மட்டும் சரிசெய்யுங்கள், பயத்தில் வண்டியையே பிரிக்க வேண்டாம். மாற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கி வந்து கையில் வைத்துப் பாருங்கள். தேய்ந்த ஷூவையும் குழி விழுந்த கிண்ணத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டால் அடுத்த வண்டியில் நீங்களே கண்டுபிடிப்பீர்கள்.

தேறியபின் புது ஆர்.சி. கைக்கு வந்ததும் சேஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் எழுத்து எழுத்தாக வண்டியோடு ஒப்பிடுங்கள். பூஜ்யத்துக்கும் ‘ஓ’வுக்கும், எட்டுக்கும் ‘பி’க்கும் இடம் மாறியிருந்தால் அன்றே சொல்லித் திருத்திக்கொள்ளலாம்.